மரத்துக்கு அடியில் இருக்கும் மலை

தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு மலை என்பது மேற்குத் திசையின் இன்னொரு பெயர். காலையில் வாசல் தெளிக்கும்போதே அம்மா மேற்கே ஒரு பார்வை பார்ப்பாள். மேகம் தாழ இறங்கியிருந்தால் "இன்னைக்குச் சாரல் உண்டு" என்பாள். துணி காயப்போடுவதும் வற்றல் எடுத்து வைப்பதும் அதைப் பொறுத்தது. மலையைப் பற்றி எங்கள் வீட்டில் இருந்த அறிவு அவ்வளவுதான். அது போதுமானதாகவும் இருந்தது.

அந்த மலையை நான் முதலில் முழுதாகப் பார்த்தது ஒரு தாளில். பள்ளிக்கூடத்தில் புவியியல் வாத்தியார் ஒருநாள் சுருட்டி வைத்திருந்த படமொன்றைக் கொண்டுவந்து இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு விரித்தார். நான்கு மூலைக்கும் கல் வைத்தார். இந்திய நில அளவைத் துறையின் டோப்போஷீட். மூலையில் 58 எச்/5 என்று எண். மஞ்சளில் வயல், பச்சையில் காடு, சிவப்பில் ஊர், நீலத்தில் தண்ணீர். அதன் இடது ஓரம் முழுக்கப் பழுப்பு நிறக் கோடுகள் நெருக்கி நெருக்கி ஓடின. "இதுதாம்ல நம்ம மலை" என்றார். எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் ஒரு கோட்டின் மேல் விரலை வைத்து, இந்தக் கோட்டில் எங்கே நின்றாலும் கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரம், அடுத்த கோடு 20 மீட்டர் மேலே, ஐந்தாவது கோடு தடித்திருக்கும், அது நூறு மீட்டர் என்று சொல்லிக்கொடுத்தார். கோடு நெருங்கினால் செங்குத்து, விலகினால் சரிவு. ஓரிடத்தில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தாற்போல் இருந்தன. அதை விரலால் தட்டி, "இது என்ன, சொல்லு பாப்போம்" என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவன் "பேரருவி சார்" என்று கத்தினான்.

வெயிலும் மழையும் பேரிரைச்சலுமாக மட்டுமே எனக்குத் தெரிந்திருந்த இடத்தை யாரோ ஒருவர் ஏறிப் பார்த்து, அளந்து, கோடாக்கி வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. யார் அவர் என்று வாத்தியாரைக் கேட்டேன். அவர் லாம்ப்டன் பெயரைச் சொன்னார்.

வில்லியம் லாம்ப்டன் 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைக்கு அருகே சங்கிலியைத் தரையில் நீட்டித் தன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். ஒரு நீளத்தைத் துல்லியமாக அளந்துவிட்டால் போதும். அதன் இரு முனைகளிலிருந்தும் தூரத்து மலையுச்சி ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தால், நடந்து போகாமலே அந்த உச்சிக்கு எவ்வளவு தூரம் என்று கணக்கில் வந்துவிடும். முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாடு முழுதும் இப்படியே போகலாம். கோணம் எடுக்கும் கருவி அரை டன் எடையுள்ள தியோடலைட். லண்டனிலிருந்து வரும் வழியில் அதைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரிஷியசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிறகு இது அறிவியலுக்கான பொருள் என்று மரியாதையோடு திருப்பி அனுப்பினார்கள்.

தமிழ்நாட்டுச் சமவெளி லாம்ப்டனுக்குச் சிரமம் கொடுத்தது. பார்வைக்கு மலை இல்லை. பனையும் தென்னையும் மறைத்தன. கோபுரங்கள்தான் கைகொடுத்தன. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தன் கையாலேயே அதைச் சரிசெய்தார். மறு ஆண்டு பாளையங்கோட்டைப் பக்கம் இன்னோர் அடிக்கோட்டை அளந்தார். கன்னியாகுமரிக்கு அருகே புன்னை என்னும் இடத்தில் அவருடைய தென்கோடி நிலையம் அமைந்தது. இமயம் வரை முக்கோணம் முக்கோணமாகப் போன பெரிய வளைவு அங்கேதான் கால் ஊன்றியிருக்கிறது. எவரெஸ்டின் உயரத்தைப் பேசுகிறவர்கள் புன்னையையும் ஒரு வார்த்தை பேசினால் நல்லது.

இதில் எனக்குப் பிடித்த பகுதி ஆர்க்டிக்கில் இருக்கிறது. லாம்ப்டன் நிலத்தை அளந்தது வெறும் வரிக்கணக்குக்காக அல்ல. பூமி துருவங்களில் எவ்வளவு சப்பை என்ற கேள்விக்கு விடை வேண்டும். அதற்கு நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்திலும் துருவத்துக்குப் பக்கத்திலும் ஒரு பாகையின் நீளத்தை அளந்து ஒப்பிட வேண்டும். துருவப் பக்கத்து வேலையை 1736-37-ல் மோபர்த்துயி என்னும் பிரெஞ்சுக்காரர் லாப்லாந்தில் செய்தார். உறைந்து கிடந்த தோர்னே ஆற்றின் பனிக்கட்டி மேலேயே அடிக்கோட்டை அளந்தார். அடுத்த நூற்றாண்டில் ஸ்ட்ரூவ என்னும் வானியலாளர் 1816 முதல் 1855 வரை முக்கோணங்களை இழுத்து, கருங்கடல் ஓரத்திலிருந்து நார்வேயின் வடகோடியில் ஹாமர்ஃபெஸ்ட் வரை கொண்டுபோனார். லாப்லாந்தில் ஒரு பாகை வடக்கே போவதற்குத் தென்காசியில் ஒரு பாகை போவதைக் காட்டிலும் சுமார் 900 மீட்டர் கூடுதலாக நடக்க வேண்டும். பூமி துருவத்தில் சப்பை என்பதற்கு அந்த 900 மீட்டர்தான் சாட்சி. வெயிலில் வெந்த நெல்லைச் சீமைக் கணக்கும் பனியில் விறைத்த வடகோடிக் கணக்கும் சேர்ந்தால்தான் அந்தச் சாட்சி முழுமையாகும்.

லாம்ப்டன் அளந்தது உச்சிகளை. இரண்டு உச்சிகளுக்கு நடுவே காட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது வேறு வேலை. அதைச் செய்தவர்கள் வார்டு, கானர் என்னும் இரண்டு லெப்டினன்ட்டுகள். 1816-லிருந்து 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி முழுவதையும் அளந்து எழுதி வைத்தார்கள். செங்கோட்டை அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்தது. தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-ல்தான். ஆகவே எங்கள் மலையில் பாதி அவர்கள் கணக்கில் வந்தது, மீதி திருநெல்வேலிச் சீமைக் கணக்கில். காட்டுக் காய்ச்சலில் விழாமல் மலையிலிருந்து இறங்கிய அளவைக் குழு அந்தக் காலத்தில் அரிது. சங்கிலி பிடித்தவர்கள், காடு வெட்டி வழி போட்டவர்கள், கொடி பிடித்து உச்சியில் நின்றவர்கள் எத்தனை பேர் போனார்கள் என்று எந்தப் படத்தின் ஓரத்திலும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

பிற்பாடு எனக்கு ஓர் அரசு அலுவலகத்தில் டிரேசர் வேலை கிடைத்தது. படத்தின் மேல் டிரேசிங் தாளை விரித்து மையால் நகல் எடுப்பதுதான் வேலை. குளங்களின் நீர்ப்பிடிப்புப் பரப்பைக் கணக்கிடுவதும் எங்கள் மேசைக்கு வரும். அந்த வேலையை இப்போது கணினி நொடியில் செய்கிறது. நாங்கள் செய்த முறையைச் சொல்கிறேன், ஏனென்றால் மலையை எனக்குப் புரியவைத்தது அதுதான்.

அருவி விழும் புள்ளியில் பென்சிலை வைக்க வேண்டும். அங்கிருந்து பழுப்புக் கோடுகளைச் செங்குத்தாக வெட்டிக்கொண்டு மேலே ஏற வேண்டும். ஒவ்வொரு கோட்டிலும் நின்று, இங்கே விழும் துளி இந்தப் பக்கம் ஓடுமா அந்தப் பக்கம் ஓடுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முகட்டைத் தொட்டதும் முகட்டோடு நடந்து, மறுபக்கமாக இறங்கி, தொடங்கிய புள்ளிக்கே வந்து சேர வேண்டும். அந்த வளையத்துக்குள் விழும் மழை மட்டும்தான் அந்த அருவியின் தண்ணீர். முகட்டுக்கு அந்தண்டை ஒரு சாண் தள்ளி விழுந்தால் அது கல்லடையாற்றோடு கேரளத்துக்குப் போய் அரபிக் கடலில் சேரும். இந்தண்டை விழுந்தால் சிற்றாறு, பிறகு தாமிரபரணி, பிறகு மன்னார் வளைகுடா. வளையம் போட்டபின் கட்டத் தாளை மேலே வைத்து எண்ணுவோம். ஐம்பதாயிரத்துக்கு ஒன்று அளவில் இரண்டு மில்லிமீட்டர் கட்டம் ஒரு ஹெக்டேர். அதில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர்.

குற்றாலத்துக்கு வளையம் போடும்போது ஒரு தொல்லை. கிழக்கு 77 பாகை 15 நிமிடக் கோடு பேரருவிக்குச் சற்று மேற்கே காட்டுக்குள் ஓடுகிறது. 58 எச்/5 அங்கே முடிந்து 58 எச்/1 தொடங்கும். மலையின் நடு உடம்பில் தாளின் விளிம்பு. இரண்டு தாளையும் ஒட்டினால்தான் வளையம் மூடும். ஒட்டிய இடத்தில் ஓர் ஓடை இந்தத் தாளில் வந்து நிற்கும், அந்தத் தாளில் முடி அளவு தள்ளித் தொடங்கும். எங்கள் மேலதிகாரிக்கு அது பொறுக்கவில்லை. நேரில் பார்த்துவிட்டு வருவோம் என்றார். வனத்துறை அனுமதியோடு சின்னக் குழுவாக மேலே போனோம்.

செண்பகாதேவி அருவி வரை பாதை உண்டு. அதற்கு மேலே தேனருவிப் பக்கம் போனால் பாதை என்பது வனத்துறை வாட்சருக்கு மட்டும் தெரிந்த விஷயம். எங்களோடு வந்த வாட்சர் வயதானவர். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். புகையிலையையும் சுண்ணாம்பையும் குழைத்து எல்லோர் கால்களிலும் அவரே பூசிவிட்டார். அப்படியும் அட்டை ஏறியது. கையில் பிரிஸ்மாட்டிக் காம்பஸ், சரிவு பார்க்கும் அப்னி லெவல், சங்கிலி, சிவப்பு வெள்ளைக் கம்புகள். புத்தகத்தில் படித்தபடி ஒரு கம்பை முன்னால் அனுப்பி அதைக் குறிபார்க்க வேண்டும். பத்தடி போவதற்குள் கம்பும் மறையும், கம்பு பிடித்த ஆளும் மறைவார். குரல்தான் வரும். குரலை நோக்கிக் காம்பஸைத் திருப்பிக் கோணம் எடுத்தோம். மேலே வானம் தெரியவில்லை. மரத்தின் அடியில் நின்று உச்சியைப் பார்த்தால் இலையின் அடிப்பக்கம்தான். பகலிலேயே அந்தி வெளிச்சம்.

ஓரிடத்தில் படத்தில் ஓடை கருப்புக் கோடாக ஓடி முடிந்துவிட்டது. மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடைகளைக் கருப்பில் போடுவார்கள். நான் தாளைக் காட்டி, "அண்ணாச்சி, இதோட ஓடை முடியுதுல்லா?" என்றேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை.

"இங்கன எங்க தம்பி முடியுது? மேல வாங்க."

பாறையைப் பிடித்து ஏறினோம். ஓடை மேலே இன்னும் போனது. பாறை இடுக்குக்குள் நுழைந்து, கொஞ்சதூரம் தரைக்கு அடியில் ஓடி, மறுபடி வெளியே வந்தது. ஆளுயரத்துக்கும் மேலே ஒரு மரக்கிளையில் சருகும் வேரும் சிக்கித் தொங்கின. அண்ணாச்சி அதைக் காட்டி, போன வருஷம் வெள்ளம் இந்த மட்டத்துக்கு வந்தது என்றார். நான் அண்ணாந்து பார்த்தேன். அந்த இடத்தில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது கணுக்கால் நனையும் தண்ணீர். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அவர் ஒவ்வொரு ஓடைக்கும் பாறைக்கும் பெயர் சொல்லிக்கொண்டே போனார். எந்த ஓடை முதலில் பொங்கும், எது பிந்தும், எந்தப் பாறையில் தண்ணீர் நிறம் மாறினால் கீழே குளிப்பவர்களைக் கரையேற்றிவிட வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெயர்களோடு சேர்ந்தே வந்தது. எங்கள் குறிப்பேட்டில் கோணங்களையும் சங்கிலி எண்ணிக்கையையும் எழுதினோம். பெயர்களுக்கு அந்தப் படிவத்தில் பத்தி இல்லை.

அண்ணாச்சி இப்போது இல்லை.

அலாஸ்காவில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் சில ஆண்டுகளுக்கு முன் சாரல் சமயத்தில் விடுமுறைக்கு வந்திருந்தான். ஃபேர்பேங்ஸில் நிலப்படம் சம்பந்தமான வேலை. திண்ணையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, "மாமா, இதப் பாருங்க" என்று புரூக்ஸ் மலைத்தொடரைக் காட்டினான். ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே, அலாஸ்காவின் வடபகுதியில் கிழக்கு மேற்காகக் கிடக்கும் மலை. பெரும்பகுதியில் சாலை கிடையாது, ஊர் கிடையாது. 1929-ல் பாப் மார்ஷல் என்னும் அமெரிக்க வனவியலாளர் அதற்குள் நடந்து போனபோது அந்தப் பகுதிக்குச் சரியான படமே இல்லை. கோயுகுக் ஆற்றின் வடகிளையோடு போய், ஆற்றின் இருபுறமும் காவல்போல் நின்ற இரண்டு மலைகளைப் பார்த்து, ஆர்க்டிக்கின் வாசல் என்று பெயர் வைத்தார். 1939 வரை திரும்பத் திரும்பப் போய்க் கையால் படம் போட்டார். டூனெராக் என்னும் சிகரம் 10,000 அடிக்கு மேல் இருக்கும் என்று கணித்தார். பிறகு முறையாக அளந்தபோது அது 7,500 அடிக்கும் குறைவு என்று தெரிந்தது. கைக்கருவியோடு நின்ற மனிதரின் கணக்கு அது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அமெரிக்க நில அளவைத் துறை பிறகு விமானப் படங்களை வைத்து அலாஸ்காவுக்குப் போட்ட படங்கள் மைலுக்கு ஓர் அங்குலம். நம் ஊர்ப் பழைய டோப்போஷீட்டும் அதே மைலுக்கு ஓர் அங்குலம்தான்.

மருமகன் காட்டியது அதற்கும் அடுத்த தலைமுறைப் படம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடார் அலையை அனுப்பி உலகின் மேடு பள்ளங்களை அளந்தார்கள். அந்த அளவை வடக்கே 60 பாகையோடு நின்றுவிட்டது. ஆர்க்டிக் விடுபட்டது. அந்தக் குறையைத் தீர்க்க 2015-ல் அமெரிக்காவில் ஒரு திட்டம் தொடங்கியது. ஒரே இடத்தைச் செயற்கைக்கோள் இரண்டு கோணங்களில் எடுத்த படங்களைப் பொருத்தி, சூப்பர் கணினியில் ஓட்டி, 60 பாகைக்கு வடக்கே உள்ள நிலம் முழுவதற்கும் உயரப் படம் தயாரித்தார்கள். இரண்டு மீட்டருக்கு ஓர் அளவு. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். அவன் திரையைப் பெரிதாக்கிக்கொண்டே போனான். மனிதர் போகாத ஒரு சரிவில் பாறைகள் சரிந்து கிடந்த வரிகூடத் தெரிந்தது.

"சரி, நம்ம குற்றாலத்தைக் காட்டு" என்றேன்.

காட்டினான். இலவசமாகக் கிடைத்தது 30 மீட்டருக்கு ஓர் அளவு. நம் நாட்டு கார்டோசாட் செயற்கைக்கோள் எடுத்து புவன் தளத்தில் வைத்திருப்பதும் அதே 30 மீட்டர். அருவி இருக்கும் இடத்தில் ஒரு மொழுக்கென்ற சரிவு. நான் வளையம் போட்ட முகட்டில் பாதி கரைந்திருந்தது. ஏன் இப்படி என்று கேட்டேன். அவன் சொன்ன பதில் என்னைத் தூங்கவிடவில்லை. அளவு பெரிதா சிறிதா என்பது மட்டுமில்லையாம். "அந்தச் சரிவுல மரமே கிடையாது மாமா, மூடியில்லாத பாத்திரம் மாதிரி உள்ளதெல்லாம் தெரியும். இங்க செயற்கைக்கோள் அளக்குறது மரத்தோட தலைய. தரை எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாது."

நூறடி உயர மரங்கள் நெருங்கி நிற்கும் மழைக்காடு. அதன் தலை மேலிருந்து பார்த்தால் ஒரே பச்சை மெத்தை. ஓடை பாறைக்குள் நுழைவதும், வெளியே வருவதும், கிளையில் சருகு சிக்கிய உயரமும் அந்த மெத்தைக்கு அடியில் இருக்கின்றன. இலை இடுக்குகள் வழியாக லேசர் கதிரை லட்சக்கணக்கில் அனுப்பித் தரையைத் தொட்டுவரும் லைடார் முறை இருக்கிறது. விமானத்தில் கருவியைக் கட்டிப் பறக்க வேண்டும், செலவு பிடிக்கும். ஆள் நடமாட்டமே இல்லாத ஆர்க்டிக் மலையின் பாறைச் சரிவைத் தென்காசித் திண்ணையிலிருந்து பார்க்க முடிகிறது. சீசனில் லட்சக்கணக்கானோர் தலை கொடுத்து நிற்கும் அருவியின் மேல்தரையைப் பார்க்க முடியவில்லை. இது முறையில்லை என்று எனக்குப் படுகிறது.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் படிகளில் விழுந்தடித்து ஓடினார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மே மாதம், கோடை மழை. வெள்ளம் பாறையைத் தாண்டி வருவதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு அந்த வளையம்தான் கண்ணில் நின்றது. அருவிக்குக் கீழே நிற்பவருக்குத் தலைக்கு மேலே உள்ள வானம் மட்டும் தெரியும். முகட்டுக்குப் பக்கத்தில் கொட்டும் மழை அவருக்குத் தெரியாது. வளையம் சிறியது, சரிவு செங்குத்து. மேலே பெய்தது கீழே வந்து சேர நாள்கணக்கு ஆகாது, மணிக்கணக்குகூட ஆகாமல் போகலாம். முகட்டில் பெய்வதை முகட்டிலேயே அளந்தால்தான் கீழே உள்ளவருக்குச் சில நிமிடங்களாவது கிடைக்கும். எங்கே மழைமானி வைக்க வேண்டும், எத்தனை வைக்க வேண்டும் என்பதைச் சொல்வது படம். எந்த ஓடை முதலில் பொங்கும் என்பதைச் சொல்வது அந்தப் படத்தில் ஏறாத பெயர்கள்.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. புதிய மாவட்டத்துக்குத் தன் மலையைப் பற்றிய சரியான படம் வேண்டும். குற்றால மலைக்கு லைடார் அளவை ஒன்றை அரசு செய்யட்டும். எத்தனையோ செலவுக்கு நடுவே அது பெரிய செலவல்ல. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், எல்லா அருவிகளுக்கும் தனித்தனி வளையம் போட்டு, ஒவ்வொன்றின் மேல்முகட்டிலும் தானாகச் செய்தி அனுப்பும் மழைமானியை நிறுத்தட்டும். அந்த வளையத்தைப் பலகையில் வரைந்து, உடை மாற்றும் இடத்திலாவது வைக்கட்டும். குளிக்க வருகிறவர் தன் தலையில் விழும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளட்டும். இதெல்லாம் அரசு செய்ய வேண்டியது.

நாம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்கு விமானமோ அனுமதியோ வேண்டாம். செங்கோட்டை, இலஞ்சி, மேலகரம், வல்லம் பக்கத்து வீடுகளில் வாட்சராக இருந்தவர்கள், தேன் எடுக்கப் போனவர்கள், மாடு தேடி மலையேறியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். டோப்போஷீட்டை இப்போது இந்திய நில அளவைத் துறையின் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். 58 எச்/1, 58 எச்/5 இரண்டையும் அச்செடுத்து ஒட்டி, அவர்கள் முன்னால் விரித்து, ஒவ்வொரு ஓடையின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களை அனுப்புங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.